ஜெட்டியில் நிற்கும் வாசகர்

மழைக்காலத்தில் ஒரு காலை. போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியின் வாசலில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா கையில் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தார். ஹட்பே ஊருக்குப் போகும் கப்பல் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின நாளே அவருக்கு மருத்துவமனை வேலை முடிந்துவிட்டது. டிக்கெட்டும் கையில் இருந்தது. ஆனாலும் அவர் கப்பலேறவில்லை. "தம்பி, இதுல கேன்சல்னுதானே போட்டிருக்கு?" என்று கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் தமிழில் வந்திருந்தது: கடல் சீற்றம், நாளை ஹட்பே கப்பல் கேன்சல், எல்லோருக்கும் பகிரவும்.

அனுப்பியவரைக் கேட்டோம். அவருக்கு அவருடைய மச்சான் அனுப்பியிருந்தார். மச்சானுக்கு ஒரு குழுவிலிருந்து வந்திருந்தது. நூல் பிடித்துக்கொண்டே போனதில் அந்தச் செய்தி நான்கு நாள் பழையது என்று தெரிந்தது. அது பொய்ச் செய்தி இல்லை. எழுதப்பட்ட அன்று அது முழு உண்மை. அதற்கு மறுநாள் கப்பல் நிஜமாகவே ரத்தானது. 'நாளை' என்ற ஒரு சொல்தான் அதைக் கெடுத்தது. வீட்டுக்காரருக்கான மருந்து ஹட்பேவுக்குப் போய்ச் சேர மேலும் இரண்டு நாள் ஆனது.

இணையத்தில் எழுதுவது எப்படி என்று இன்று எங்கு பார்த்தாலும் பாடம் நடக்கிறது. தலைப்பில் தூண்டில் வை, முதல் மூன்று விநாடியில் ஆளைப் பிடி, எந்த நேரத்தில் பதிவிட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் பார். சரக்கு விற்பவருக்கு இவையெல்லாம் பயன்படலாம். ஆனால் அந்தமானில் பிறந்து வளர்ந்த எனக்கு இணைய எழுத்து என்றதும் அந்த அம்மாதான் நினைவுக்கு வருகிறார். அவர் நம் வாசகர். கையில் பை, மேலே மழை, கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல், முடிவெடுக்க ஐந்து நிமிடம். அவருக்கு விளங்கும்படி எழுதத் தெரிந்துவிட்டால் மற்ற எவருக்கும் எழுதிவிடலாம் என்பது என் துணிபு.

இணையத்தில் எழுதப்படும் எதுவும் எழுதியவர் நினைத்த நேரத்தில், நினைத்த ஆளிடம், நினைத்த வரிசையில் போய்ச் சேர்வதில்லை. நாளிதழுக்குத் தலையில் தேதி உண்டு. வானொலியைக் கேட்பவருக்கு அது இந்த நிமிடத்துக் குரல் என்று தெரியும். முன்னனுப்பப்படும் செய்திக்கு இரண்டு வசதியும் கிடையாது. அது தன் நாளையும் ஊரையும் சொன்னவரின் பெயரையும் தானே சுமந்துகொண்டு போக வேண்டும். இன்று, நாளை, இங்கே, நம்ம ஊர், இப்போது வந்த செய்தி ஆகிய சொற்கள் கைமாறிய கணமே பொருளிழந்துவிடுகின்றன.

தமிழில் எழுதினால் நீண்டுவிடும் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆங்கிலத்தில் ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறிகள் வரை இடம் உண்டு. தமிழ் யூனிகோடில் 70தான். அதிலும் 'கி' என்று எழுதினால் ககரத்துக்கு ஓரிடம், மேல்விலங்குக்கு ஓரிடம். புள்ளி வைத்த எழுத்துக்கும் இரண்டிடம். இருந்தும் அந்த அம்மாவுக்குப் போயிருக்க வேண்டிய செய்தியை எழுதிப் பார்த்தேன்: ஹட்பே கப்பல் ஜூலை 14 ரத்து. 16 காலை 6 மணிக்குப் புறப்படும். -துறைமுகம். கடைசி முற்றுப்புள்ளியை விட்டுவிட்டு எண்ணினால் சரியாக 70 இடம். எந்தக் கப்பல், எந்த நாள், அடுத்தது எப்போது, சொன்னது யார் என்று நான்கும் அதற்குள் அடங்கிவிட்டன. ஒரு வாரம் கழித்து யாராவது இதை அனுப்பினாலும் எவரும் ஏமாறமாட்டார்கள். அடங்காமல் போனவை 'அன்பான உறவுகளே' என்ற விளிப்பும் 'அவசரம், உடனே பகிரவும்' என்ற பதற்றமும்தான்.

இந்தச் சிக்கனத்தை நாங்கள் தெரிந்துகொண்ட நாள் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, காலை 6.29. சுமத்ராவுக்கு அப்பால் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. பின்னாலேயே வந்த சுனாமியில் நிக்கோபார் தீவுகளோடு இருந்த தொடர்பெல்லாம் அறுந்தது. தற்செயலாக அந்த மாதம் போர்ட் பிளேரில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தங்கியிருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் தலைமையில் வந்த குழு அது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி கிடைப்பதே அரிது என்பதால் உலகெங்குமுள்ள ஹாம் ஆர்வலர்கள் அவர்களோடு பேசக் காத்திருந்த நேரம். பொழுதுபோக்குக்காக விரித்த ஆன்டெனா அன்று உயிர்க்கயிறு ஆனது. குழுவில் சிலர் கருவியோடு கார் நிக்கோபாருக்குப் போனார்கள். அங்கிருந்து போர்ட் பிளேருக்கும், போர்ட் பிளேரிலிருந்து மெயின்லேண்டுக்கும் செய்திகள் நகரத் தொடங்கின. இந்தியப் பெருநிலத்தைத் தீவுக்காரர்கள் நாங்கள் மெயின்லேண்ட் என்றுதான் சொல்வோம்.

என்ன செய்திகள்? பெயர், ஊர், உயிரோடு இருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார், இன்னாருக்குச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அழிவை வர்ணிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. வர்ணிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னாளில் அதற்கும் இடம் வந்தது. அன்று ஒரு தாய்க்கு வேண்டியிருந்தது மகனின் பெயரும் 'பத்திரம்' என்ற ஒரு சொல்லும்.

ஹாம்காரர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. முறையான செய்திப் படிவத்தில் வரிசை எண், அவசரத்தின் தரம், புறப்பட்ட நிலையம், இடம், நேரம், நாள் ஆகியவற்றோடு செய்தியில் எத்தனை சொல் இருக்கிறது என்ற எண்ணிக்கையையும் சொல்லிவிடுவார்கள். பெறுபவர் தான் எழுதிக்கொண்ட சொற்களை எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் திரும்பக் கேட்பார். எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய மரியாதைப் பாடம் எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது உங்களிடம் முழுசாக வந்ததா என்று கேட்பது அது. நாம் பதிவைப் போட்டுவிட்டு விருப்பக்குறியை எண்ணுகிறோம். அவர்கள் சொற்களை எண்ணினார்கள்.

அன்றைக்குப் பிறகு தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. நீண்ட காலம் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. படம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்து மட்டும் எப்படியோ வந்து சேரும். மழை மேகம் சூழ்ந்தால் அதுவும் இல்லை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்து வந்த கண்ணாடியிழைக் கேபிள் செயல்பாட்டுக்கு வந்தது. செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேர், ஹேவ்லாக், லாங் ஐலேண்ட், ரங்கத், ஹட்பே, கமோர்ட்டா, கார் நிக்கோபார், கேம்பெல் பே ஆகிய இடங்களில் அது கரையேறியது. கல்லூரிப் பிள்ளைகள் கண்ணில் அன்று தெரிந்த ஒளியை நான் பார்த்தேன். குழாய் பெரிதாகிவிட்டது. ஆனால் அந்தக் குழாய் வழியே எங்களைப் பற்றி எங்களவர் எழுதி அனுப்பியது எவ்வளவு?

தமிழில் 'அந்தமான்' என்று தேடிப் பாருங்கள். நீலக்கடல், தேனிலவுப் பயணத் திட்டம், எத்தனை ஆயிரம் ரூபாயில் எத்தனை நாள் என்ற கணக்கு. அடுத்தபடியாக வடக்கு சென்டினல் தீவு. போனால் திரும்ப முடியாது, மனிதக்கறி தின்பவர்கள், மர்மத் தீவு என்று தலைப்புக்குத் தலைப்பு சூடு ஏறும். இவற்றை எழுதுகிற பலர் தீவில் கால் வைத்ததே இல்லை. சுற்றுலாப் பதிவுகளின் மேல் எனக்குக் கோபமில்லை. பயணிகள் வந்தால்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதிக்கிறது. சென்டினல் பதிவுகளின் மேல்தான் கோபம். கூட்டம் சேர்க்க எழுதும் எழுத்து என்ன செய்யும் என்பதை எங்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறோம்.

2018 நவம்பரில் ஓர் அமெரிக்க இளைஞர் தடையை மீறி சென்டினல் தீவுக்குப் போய் உயிரிழந்தார். அதன் பிறகு உலகமே அந்தத் தீவைத் திரையில் தேடியது. 2025 மார்ச் இறுதியில் இன்னோர் அமெரிக்கர், 24 வயது யூடியூபர், ரப்பர் படகில் அந்தக் கரைக்குப் போய் இறங்கினார். ஒரு டயட் கோக் டப்பாவையும் தேங்காயையும் மணலில் வைத்துவிட்டு, தன்னைத் தானே படம்பிடித்துக்கொண்டு திரும்பியவரைக் காவல்துறை கைது செய்தது. தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் யாரும் போகக் கூடாது என்பது சட்டம். நமக்குச் சாதாரணமான சளியும் அம்மையும், வெளியாரோடு தொடர்பில்லாமல் அங்கே வாழும் பழங்குடி மக்களைக் கூண்டோடு அழித்துவிடக் கூடும் என்பதால் போட்ட சட்டம் அது. கிரேட் அந்தமானியப் பழங்குடியினர் 1858-ல் இங்கே தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது பல ஆயிரம் பேர். இன்று ஐம்பதைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். இன்னொரு பழங்குடியினரான ஜாரவாக்கள் வெளியாரோடு பழகத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1999-ல், அவர்களிடையே அம்மை பரவியது. இதையெல்லாம் அறியாத ஒருவர் மர்மத் தீவு என்று எழுதும்போது, இன்னொருவர் படகைத் தள்ளுவதற்கு அவரும் ஒரு கை கொடுக்கிறார்.

விறுவிறுப்பாக எழுத வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. உண்மையில் இருக்கும் விறுவிறுப்பு கற்பனையில் இல்லை. 1880-ல் மாரிஸ் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆள்படையோடு அந்தத் தீவுக்குப் போய் ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். ஆறு பேரும் நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு கொண்டுபோய் அந்தக் கரையில் விட்டார்கள். நோயும் அவர்களோடு போயிருக்குமா என்று யாரும் பார்க்கவில்லை. பிறகு 1991 ஜனவரியில் இந்திய மானிடவியல் ஆய்வுக் குழு தேங்காய்களோடு போனபோது, அதே மக்கள் தண்ணீரில் இறங்கி வந்து கையால் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண் ஆய்வாளரும் இருந்தார். 'கடத்திச் செல்லப்பட்ட ஆறு பேருக்கு என்ன ஆயிற்று?' என்று தலைப்பு வைத்தால் படிக்கமாட்டார்களா? படிப்பார்கள். படித்து முடித்த பின் அந்தத் தீவைத் தொந்தரவு செய்யாமல் விடவும் தோன்றும்.

அந்தமான் டிரங்க் ரோட்டில் பேருந்து ஜன்னல் வழியே ஜாரவாக்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள். 2012-ல் அப்படியொரு காணொளி உலகச் செய்தியாகி நாடே தலைகுனிந்தது. 2017-ல் தேசியப் பழங்குடியினர் ஆணையம் தானே முன்வந்து இத்தகைய காணொளிகளை யூடியூபிலிருந்து நீக்கச் சொன்னது. எழுதத் தெரிவதில் எதை எழுதாமல் விடுவது என்று தெரிவதும் அடக்கம். அந்தச் சாலையில் போகும் எங்கள் ஊர் ஓட்டுநர்கள் பலருக்கு இது பாடம் நடத்தாமலே தெரியும். "கேமராவை உள்ள வைங்க சார்" என்பார்கள். அதை ஒரு நல்ல பதிப்பாசிரியரின் குரலாகவே நான் கேட்கிறேன்.

ஒரு செய்தி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாட்டிலும் பார்த்தோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று எண்ணி அடித்தே கொன்றார்கள். பின்னால் இருந்தது வாட்ஸ்அப் வதந்தி. தேதி இல்லாத, ஊர் இல்லாத, சொன்னவர் பெயர் இல்லாத எழுத்து. அந்த ஆண்டுதான் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கருவி தன் பங்கைச் செய்தது. எழுதுபவர் பங்கு அப்படியே நிற்கிறது.

சுனாமி எச்சரிக்கைகளில் எழுத்தின் தெளிவு உயிர்ப் பிரச்சினை. ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் மூன்று படிநிலைகளில் பேசுகிறது. ஒன்று, கரையை விட்டு உடனே மேட்டுக்குப் போ. இரண்டு, கடற்கரைக்குப் போகாதே. மூன்று, அடுத்த செய்திக்குக் காத்திரு. மூன்றும் வெவ்வேறு கட்டளை. தமிழ்க் குழுக்களுக்கு வந்து சேரும்போது மூன்றுமே 'சுனாமி எச்சரிக்கை' ஆகிவிடுகின்றன. காத்திருக்க வேண்டியவர் ஓடுகிறார். இப்படி நாலு தடவை வீணாக ஓடியவர் ஐந்தாம் தடவை ஓடமாட்டார், அதுதான் பயம். இந்த மூன்றுக்கும் மூன்று தெளிவான தமிழ்ச் சொற்களை வைத்து, பள்ளிகளிலும் கோயில்களிலும் மீன் மார்க்கெட்டிலும் எழுதிப்போட்டுப் பழக்கினால் என்ன?

அரசு அறிவிப்புகள் பலவும் தாளில் அச்சடித்து, கையெழுத்திட்டு, படம் பிடித்து இணையத்தில் ஏற்றப்படுகின்றன. படமாக இருப்பதை எளிதில் தேட முடியாது, எளிதில் நகலெடுத்து ஒட்ட முடியாது, கண் தெரியாதவருக்குக் கைப்பேசி சரியாக வாசித்துக் காட்டுவதும் சிரமம். ஆகவே யாரோ ஒருவர் அதைப் பார்த்துத் தன் சொல்லில் சுருக்கி எழுதுகிறார். அங்கேதான் தேதி தொலைகிறது. அறிவிப்பை எழுத்தாகவே, இங்கே பேசப்படும் மொழிகளில் போட்டால் பாதி வதந்தி பிறக்காது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளமும் இந்தியும் மட்டுமே எங்களுக்கு முன்னால்.

பெயர்களிலும் கவனம் வேண்டும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஜெட்டியில் எங்கள் வாயில் வருவது பழைய பெயர், அரசுத் தாளில் இருப்பது புதிய பெயர், மெயின்லேண்டில் இருக்கும் மகள் தேடுவது எதை வைத்து என்று தெரியாது. முதல் வரியிலேயே இரண்டையும் எழுதிவிடுங்கள்.

எழுதத் தயங்குபவர்களிடம் கேட்டால், பயம் என்கிறார்கள். காரணமில்லாமல் இல்லை. 2020 ஏப்ரலில், கொரோனா நோயாளியோடு தொலைபேசியில் பேசியதற்காகக் குடும்பங்களை ஏன் வீட்டுத் தனிமையில் வைக்கிறார்கள் என்று ட்விட்டரில் ஒரு கேள்வி கேட்டதற்காக இங்கே ஒரு பத்திரிகையாளர் கைதானார். கொல்கத்தா உயர் நீதிமன்றம் பின்னர் அந்த வழக்கை ரத்து செய்தது. இணைய எழுத்துக்காகச் சிறை என்ற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே செல்லாததாக்கியிருந்தும், ஒரு கேள்விக்கு இந்த விலை. இதைச் சொல்லி யாரையும் அச்சுறுத்த நான் விரும்பவில்லை. அந்தக் கேள்வி ஒரே வாக்கியம். வசை இல்லை, அடைமொழி இல்லை. நடந்ததைச் சொல்லிக் காரணத்தைக் கேட்டது. நீதிமன்றத்தின் முன்னும் நிற்கக்கூடிய எழுத்து அப்படித்தான் இருக்கும். கோபத்தில் எழுதும் பத்து வரியைவிட அது அதிகாரத்தை உறுத்தும்.

இன்னொரு தயக்கம் மொழி பற்றியது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது அவர்களுக்குச் சுலபம். நண்பனுக்கு அனுப்ப அது போதும். ஆனால் அப்படி எழுதியது தேடலில் சரியாக அகப்படாது. பாட்டிக்குப் படிக்கவும் வராது. 'நம்ம தமிழ் சுத்தமா இருக்காதே' என்று கூச்சப்படுகிறார்கள். ஜெட்டி, கவுன்டர், மெயின்லேண்ட், லோக்கல் போர்ன் என்ற சொற்களோடு நடமாடும் தமிழ்தான் எங்கள் தமிழ். அதை எழுதினால்தான் எங்கள் தீவு அதில் தெரியும். தட்டத் தெரியாவிட்டால் பேசினாலே கைப்பேசி எழுதிக்கொள்கிறதே.

நான் அதிகம் எதிர்பார்ப்பது கச்சாலிலிருந்து. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அப்படி வந்தவர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டன. தேயிலை மலையிலிருந்து கப்பலேறி, தமிழ்நாட்டின் முகாம்களைத் தாண்டி, நிக்கோபாரின் ரப்பர் காட்டுக்கு வந்தவர்கள். 2004-ல் நிக்கோபாரில் பேரிழப்பைச் சந்தித்த தீவுகளில் கச்சால் முதன்மையானது. இவ்வளவையும் ஒரே வாழ்க்கையில் கண்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடலடிக் கேபிள் கரையேறிய தீவுகளின் பட்டியலில் கச்சால் இல்லை. அங்கிருந்து எழுதுவது இன்றும் லேசான காரியமல்ல.

சென்ற ஆண்டு அங்கே பணியில் இருக்கும் ஒரு பையன் எனக்கு எழுதியிருந்தான். நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள் அண்ணே, பாட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றான். தலைப்பு பிறகு பார்க்கலாம். பாட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், எந்த ஆண்டு, எந்தக் கப்பலில், கூட யார் வந்தது என்று முதலில் கேட்டு எழுது என்றேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு ஓர் இரவு, ஒன்றன் பின் ஒன்றாக ஏழு குறுஞ்செய்திகள் வந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் எண் போட்டிருந்தான். ஏழாவதன் கடைசியில் கேட்டிருந்தான்: "ஏழும் வந்துச்சாண்ணே? நடுவுல சிக்னல் போயிடுச்சு."

நான்காவது வரவில்லை. திரும்பக் கேட்டேன்.